அவளைக் கேட்காமல் சொன்ன 'இல்லை'

எங்கள் சந்தில் யாருக்கு என்ன உபாதை என்பது டாக்டருக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். காரணம் என் கெட்டிக்காரத்தனம் அல்ல, என் கன்னடம். மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சந்தில் பதினெட்டு வீடுகள். எல்லாம் வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள். ஆண்கள் எப்படியோ கன்னடத்தைச் சமாளித்துவிடுவார்கள். அந்தியூரிலிருந்தும் பவானியிலிருந்தும் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்குத்தான் வேண்டாம் என்பதற்கு "பேடா", எவ்வளவு என்பதற்கு "எஷ்டு" என்ற இரண்டுக்கு மேல் வாய் வராது. நான் கர்நாடகத்திலேயே ஹனூர்க்காரி. பள்ளிக்கூடத்தில் படித்ததே கன்னடம்தான். காலை பத்து மணிக்கு இட்லிக் கடையை மூடிவிட்டால் அப்புறம் எனக்கு வேலையில்லை. பேங்கு, ஆதார் ஆபீஸ், ஆஸ்பத்திரி, எதற்கு யார் கூப்பிட்டாலும் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். "பாக்கியாக்கா இல்லாட்டி நாங்கல்லாம் ஊமைங்க" என்று அவர்கள் சொல்வதே எனக்குப் போதும். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுத் தலை கனத்துப் போயிருந்தேன்.

இப்படி மற்றவர்களுக்காகப் பேசிப் பேசி, ஒரு கட்டத்தில் அவர்களைக் கேட்பதையே விட்டுவிட்டேன். "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று டாக்டர் கேட்டால் நானே "மூன்று நாள்" என்பேன். அது சரியாகவும் இருக்கும். ஒரே குழாயடி, ஒட்டின சுவர், தெரியாமல் எங்கே போகும்? ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் சறுக்கியபோது விழுந்தது நான் இல்லை, பூங்குழலி.

பூங்குழலி என் தம்பி உதயகுமாரின் மனைவி. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறார்கள். கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகிறது, மூன்று வயதில் மனிஷா என்று ஒரு பெண் குழந்தை. அந்தியூர்ப் பக்கம் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய்ப் பேசி முடித்தவள் நான்தான். வாயாடாத பெண். என்னை "அண்ணி" என்று கூப்பிடும்போது ஒரு எழுத்துகூடக் குறையாது. எனக்கு வாய் அதிகம் என்பதால் வாய் குறைந்தவர்களைப் பிடிக்கும் போலிருக்கிறது.

நிச்சயத்துக்கு ஒரு வாரம் முன்னால், அவளுடைய அப்பா நஞ்சுண்டசாமி என்னைப் பஸ் ஏற்றிவிட அந்தியூர் ஸ்டாண்டு வரை வந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். தன் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்.

"அம்மிணி, உங்ககிட்ட மறைக்க மனசு வல்லீங். இவ அம்மா காய்ச்சல்ல போனதா ஊருக்குச் சொல்லி வெச்சிருக்கறோம். அது நெசமில்லீங். பையன் பொறந்து பதினோராம் நாளு ஒரு காலு தூணு கணக்கா வீங்கிப்போச்சு. ரத்தம் ஒறஞ்சு நெஞ்சுக்குப் போயிருச்சுன்னு டாக்டரு சொன்னாருங். முப்பது வயசுகூட ஆகல. வெளிய தெரிஞ்சா வம்சத்துல நோவுன்னு பேசுவாங்க. பிள்ளெகிட்டக்கூடக் காய்ச்சல்னுதான் சொல்லியிருக்கறன். நீங்க மனசோட வெச்சுக்கோணும்."

எங்கள் மலைச்சாமி மாதேசுரன்மேல் ஆணையாகச் சொல்லமாட்டேன் என்றேன். பெண் பார்க்கிற இடத்தில் இரண்டு பக்கமும் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு: எங்கள் வம்சத்தில் சர்க்கரை கிடையாது, இழுப்பு கிடையாது, புத்திக் கோளாறு கிடையாது. மூன்றில் ஒன்றாவது பொய்யாக இருக்கும் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். நான் நாலு கல்யாணம் பேசி முடித்தவள், அந்தப் பாட்டை நானே பலமுறை பாடியிருக்கிறேன். உதயனிடம்கூட இதைச் சொல்லவில்லை. பாவம் மனுஷன், என்னை நம்பிச் சொன்னாரே என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் பங்குனியில் பூங்குழலி என்னிடம் வந்து தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னாள். கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை பார்க்கிறாள். இன்னும் இரண்டு வருஷம் நிலையாக நின்றால் சூப்பர்வைசர் ஆக்குகிறோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். அதுவரை இன்னொரு குழந்தை வேண்டாம். உதயனுக்கும் சம்மதம். ஆனால் முன்பு போட்ட காப்பர்-டியால் மாதம் பத்து நாள் உதிரப்போக்கு, எடுத்துவிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டால் ஷிப்டில் மறந்து போகிறது. "வேற ஏதாச்சும் இருக்குதுங்களா அண்ணி? டாக்டருகிட்டக் கேக்கலாங்களா?" என்றாள்.

கேட்டோம். ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் லேடி டாக்டர். நல்ல மாதிரி. எடை பார்த்தார், பிரஷர் பார்த்தார். அவர் கேட்டதெல்லாம் கன்னடத்தில், பதில் எல்லாம் என்னுடையது. இப்போது தோளிலோ இடுப்பிலோ ஒட்டிக்கொள்கிற பிளாஸ்திரி இருக்கிறது என்றார். தீப்பெட்டி அளவுதான். வாரத்துக்கு ஒன்று என மூன்று வாரம், பிறகு ஒரு வாரம் ஒட்டக்கூடாது. அதிலிருக்கும் மருந்து தோல் வழியாக ரத்தத்தில் இறங்கும். எல்லாக் கடையிலும் கிடைக்காது, சொல்லி வரவழைக்க வேண்டும். எனக்கு உடனே பிடித்துவிட்டது. எங்கள் சந்தில் யாரும் கேள்விப்படாத ஒன்றை நான் முதலில் கொண்டுவரப் போகிறேன் அல்லவா!

டாக்டர் அதோடு விடவில்லை. முதல் இரண்டு மாதம் குமட்டலாம், மார்பு வலிக்கலாம், ஒட்டின இடம் அரிக்கலாம், அதெல்லாம் பெரும்பாலும் தானே சரியாகும் என்றார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அரிதாகச் சிலருக்குக் காலில் ரத்தம் உறைந்து கட்டியாகும், அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்றார். எதையும் உபயோகிக்காத பெண்கள் பத்தாயிரம் பேரில் வருஷத்துக்கு இரண்டு பேருக்கு வருவது, இதைப் போட்டால் ஆறிலிருந்து பன்னிரண்டு பேருக்கு வரலாமாம். பிள்ளை பெறும்போது வருகிற ஆபத்து இதைவிட அதிகம், அதனால் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். "ஆனால் எல்லாருக்கும் கொடுக்கமாட்டேன். அதனால் இந்தக் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லுங்கள். இவருக்கோ, இவருடைய அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கோ காலில், நெஞ்சில் ரத்தம் உறைந்தது உண்டா?"

நான் யோசிக்கவே இல்லை. "இல்லா மேடம், அவர வம்ஷதல்லி யாரிகூ ஏனூ இல்லா" என்றேன். அவர்கள் வம்சத்தில் யாருக்கும் எதுவும் கிடையாது. பாட்டு தானாக வந்து விழுந்துவிட்டது.

திரைக்கு வெளியே பெஞ்சில் எங்கள் சந்து மல்லம்மா உட்கார்ந்திருந்தாள். ஹனூருக்குப் பக்கத்துக் கௌதள்ளிக்காரி. அவள் காதில் ஒன்று விழுந்தால் பொழுது சாய்வதற்குள் ஹனூர்வரை போய்விடும். அவளுக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். பெஞ்சு காலியாக இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். வம்சத்தில் நோய் உண்டா என்று யார் கேட்டாலும் "இல்லை" என்று சொல்லித்தான் இந்த நாக்குக்குப் பழக்கம். கேட்பது டாக்டரா, சம்பந்தி வீட்டாரா என்று அது பார்க்கவில்லை.

பூங்குழலி என் முழங்கையைத் தொட்டாள். டாக்டரின் முகத்தை வைத்து ஏதோ பெரிய விஷயம் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். "அண்ணி, இப்ப என்னங்க கேட்டாங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு, எல்லார்கிட்டயும் வழக்கமாக் கேக்கறதுதான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். டாக்டர் சீட்டு எழுதினார்.

முதல் பிளாஸ்திரியை ஒரு சனிக்கிழமை என் வீட்டில் வைத்து நானே ஒட்டிவிட்டேன். இடது இடுப்புக்குப் பின்னால். உள்ளங்கையால் அழுத்திப் பத்து எண்ணினேன். அடுத்த சில நாள் குமட்டுகிறது என்றாள். மார்பு கனக்கிறது என்றாள். புதுச் செருப்பு கடிப்பதுபோலத்தான், பழகிவிடும் என்று சொன்னேன். டாக்டரும் அப்படித்தான் சொன்னார் என்பதால் அது பொய்யும் இல்லை. இரண்டாவது வாரம் குமட்டல் நின்றது. அவள் சிரித்த முகமாக வேலைக்குப் போனாள். பார்த்தாயா, நான் சொன்னேனே என்று நான் சந்து முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

எனக்கு இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையை எழுதுவதில் அர்த்தமில்லை. என் மகள் அஷ்வினி பி.யூ.சி. படிக்கிறாள். பிளாஸ்திரிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த இங்கிலீஷ் காகிதத்தை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விரித்துவைத்துப் படித்தாள்.

"அம்மா, இதுல ரொம்பப் பயங்கரமா எழுதிருக்கு. புகை பிடிக்கறவங்க போடக் கூடாதாம், பிரஷர் இருந்தாக் கூடாதாம், கண்ணுல மின்னல் மாதிரி வந்து தலை வலிச்சாக் கூடாதாம். அப்பறம், ஃபேமிலில யாருக்காச்சும் ரத்தம் கட்டியிருந்தா டாக்டர்கிட்ட கண்டிப்பா ஹேளபேக்காம், சொல்லியே ஆகணுமாம். அத்தெகிட்டக் கேட்டீங்களா?"

அரிசி களைந்துகொண்டிருந்தேன். நஞ்சுண்டசாமியின் டீ டம்ளர் கண்முன் வந்தது. தூண் மாதிரிக் கால் என்று அவர் சொன்னது காதில் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. அப்போதே எழுந்துபோய் அவள் இடுப்பிலிருந்து அதை உரித்துப் போட்டிருக்கலாம். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஆனால் உரித்தால் ஏன் என்று உதயன் கேட்பான். பொய் சொல்லியா எனக்குக் கட்டிவைத்தாய் என்று கேட்பான். அந்த மனுஷனுக்குக் கொடுத்த வாக்கு போகும். அம்மா எதனால் செத்தாள் என்பதே அறியாத பெண்ணுக்கு அதையும் நான் சொல்ல வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, கிளினிக்கில் நான் கேட்காமலேயே பதில் சொன்னேன் என்பது வெளியே வரும். பாக்கியாக்காவை அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? ஒரு தட்டில் இத்தனையையும் வைத்தேன். மறு தட்டில் பத்தாயிரத்தில் பத்துப் பேர். பத்தாயிரத்தில் பத்துப் பேர் என்றால் இந்த ஹெப்பாளிலேயே யாரோ ஒருத்திக்கு வரும், நம் வீட்டுக்கு ஏன் வரப்போகிறது என்று நினைத்தேன். அந்தக் கணக்கு அம்மாவுக்கே ரத்தம் உறைந்த பெண்களுக்கான கணக்கு இல்லை என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

"கூகுளம்மா, மருந்துக் காயிதத்துல எல்லாந்தாண்டி எழுதுவான். காய்ச்ச மாத்தரெ காயிதத்தப் படிச்சாலும் பயந்து சாவே. மடிச்சு வையி" என்றேன்.

அன்று முழுக்க மனசு சரியில்லை. சாயங்காலம் ஒரு சமாதானம் கிடைத்தது. அன்றைக்கு அந்தக் கேள்வியை நான் பூங்குழலியிடம் கேட்டிருந்தாலும் அவள் "காய்ச்சல்" என்றுதான் சொல்லியிருப்பாள். அவளுக்கே தெரியாது. ஆக, நான் கேட்டாலும் ஒன்றுதான், கேட்காவிட்டாலும் ஒன்றுதான். இந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

ஆறாவது வாரம், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், வேலை விட்டு வந்தவள் என் வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டு இடது கெண்டைக்காலைப் பிடித்தாள்.

"காலு என்னமோ இழுத்துப் புடிக்குதுங்க அண்ணி."

"எட்டு மணி நேரம் நின்னுட்டே இருந்தா இழுக்காம என்ன பண்ணும்? வா, உருவி உடறேன்."

விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி, அவள் காலை என் மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கணுக்காலிலிருந்து முழங்கால்வரை நன்றாக அழுத்தி உருவினேன். வலியில் பல்லைக் கடித்தாள். செவ்வாய்க்கிழமையும் அதே. அன்று கால் கொஞ்சம் கதகதவென்று சூடாக இருந்தது. எண்ணெய்ச் சூடு என்று நினைத்தேன். உருவிக்கொண்டிருக்கும்போது அவள், "அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றாள். "எண்ணெ தேய்க்கறப்பப் பேசாதே, வாயு ஏறும்" என்று அதட்டினேன். அப்படி ஒரு சாஸ்திரமே கிடையாது. அன்றைக்குக் கடைக்கு உளுந்து ஊறப்போட நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை, கடை மூடுகிற நேரம். மனிஷாவை என்னிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போக வந்தாள். எங்கள் வீட்டுக்கு ஐந்து படி. மூன்றாவது படியில் நின்றுவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். "என்னன்னே தெரியலீங்க... மூச்சு எட்ட மாட்டேங்குது" என்றாள். சேலையை விலக்கி அவள் காலைப் பார்த்தேன். வலது கால் எப்போதும் போல இருந்தது. இடது கால் அதைப்போல ஒன்றரை மடங்கு, சிவந்து, பளபளவென்று.

அந்தியூர் பஸ் ஸ்டாண்டில் காதால் கேட்டதை என் வீட்டுப் படியில் கண்ணால் பார்த்தேன். குழந்தையை அஷ்வினி கையில் கொடுத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன். வழியெல்லாம் என்ன வேண்டினேன் என்று நினைவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அந்தக் கையில் வியர்வை சில்லென்று இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். ஸ்கேனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். உதயன் பேக்டரி யூனிபார்மோடு ஓடி வந்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு இளவயது லேடி டாக்டர் வெளியே வந்தார். தொடையிலும் கெண்டையிலும் ரத்தக்கட்டி, சின்னதாக ஒன்று நுரையீரலுக்கும் போயிருக்கிறது, ஊசி போட ஆரம்பித்துவிட்டோம், இந்த இரண்டு நாள் தாண்ட வேண்டும் என்றார். ஒட்டியிருந்த பிளாஸ்திரியை எடுத்துவிட்டார்களாம். பேனாவைத் திறந்தார். "இவருடைய குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்ததுண்டா?"

"இல்லா மேடம், யாரிகூ ஏனூ இல்லா" என்றான் உதயன்.

அதே பாட்டு. ஆனால் அவன் அறியாமல் பாடினான்.

 அப்போதும்கூட ஒரு கணம், சொல்லாமல் விட்டால் என்ன என்று தோன்றியது. ஊசிதான் போட்டாயிற்றே! என் புத்தி அவ்வளவு கேவலமானது. பிறகு எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன். "இருக்கிறது மேடம். இவள் அம்மா இதில்தான் போனாள். பிள்ளை பெற்ற பதினோராவது நாள். எனக்குத் தெரியும். கிளினிக்கில் கேட்டார்கள். நான்தான் இல்லையென்று சொன்னேன்." எல்லாம் கன்னடத்தில். அந்தக் கன்னடத்தில் ஒரு பிழைகூட இல்லை.

டாக்டர் எழுதிக்கொண்டே, காலை யாராவது பிடித்துவிட்டீர்களா என்று கேட்டார். இரண்டு நாள் எண்ணெய் போட்டு உருவினேன் என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கட்டி இருக்கிற காலை அழுத்தி உருவினால் அது கழன்று மேலே போகலாம் அம்மா. இனி யாரும் அந்தக் காலைத் தொடாதீர்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட நேரமில்லாதவர்.

உதயன் சுவரில் சாய்ந்து நின்றான். "எங்கிட்டச் சொல்லியிருந்தா நா என்ன, அவளெ வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" என்றான். நான் எடுத்து வளர்த்த பையன். என் முன்னால் குரலை உயர்த்தியதே இல்லை, அன்றும் உயர்த்தவில்லை. அதற்கப்புறம் அவன் என்னிடம் பேசவில்லை.

இரண்டு நாள் தாண்டியது. பொம்பளைகள் வார்டில் படுக்கை கொடுத்தார்கள். பார்வை நேரமும் டாக்டர் வருகிற நேரமும் தவிர ஆண்கள் உள்ளே இருக்கக்கூடாது. அதனால் கூட இருந்தது நான்தான். சனிக்கிழமை மல்லம்மா இளநீரோடு பார்க்க வந்தாள்.

"நா ஹேளலில்லவா, சொன்னனா இல்லையா! அந்தக் கெட்ட பிளாஸ்திரிதான் பாக்கியா. ஒடம்புல விஷத்த ஒட்டிக்கிட்டா வேற என்ன ஆகும்? அந்த டாக்டரம்மாவெச் சும்மா உடக் கூடாது."

"ஆமா" என்றேன். சொல்லிவிட்டேன்! அந்த மத்தியானம் பூராவும் வந்தவர்களெல்லாம் பிளாஸ்திரியைத் திட்டினார்கள், கிளினிக்கைத் திட்டினார்கள், நான் இளநீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, யோசித்துப் பதில் சொல்லுங்கள் என்று சொன்னாரே, அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பெண்கள் அதை ஒட்டிக்கொண்டு நிம்மதியாக வேலைக்குப் போய் வருகிறார்கள். இவளுக்கு அது ஆகாது என்பது மைசூரில் என் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. பழியைத் தீப்பெட்டி அளவுப் பிளாஸ்திரியின்மேல் போட்டுவிட்டு நான் இளநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் போனபின் பூங்குழலி கண்ணைத் திறந்தாள். தூங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அண்ணி, வந்தன்னைக்கு உள்ள என்னெ ஸ்கேனு எடுக்கறப்ப, நீங்க டாக்டருகிட்ட என்னமோ சொன்னீங்களாம். அதுக்கப்பறம் அவரு உங்ககூடப் பேசறதில்ல. கேட்டா, அண்ணிகிட்டயே கேளுங்கறாரு. என்னங்க அது?"

சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் தலைமாட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். கிளினிக்கில் கேட்ட கேள்வியைச் சொன்னேன். நான் சொன்ன பதிலைச் சொன்னேன். அஷ்வினி படித்த காகிதத்தைச் சொன்னேன். அதற்கப்புறம்தான் கஷ்டமான பாகம். தாய் எப்படிச் செத்தாள் என்பதை, சாகப் பிழைக்கக் கிடப்பவளிடம் சொல்ல வேண்டும். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "கண்ணு, உங்கம்மா காய்ச்சல்ல போகல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு அப்ப ஒம்பது வயசுங்க அண்ணி. அம்மா காலு வீங்கினப்ப நாந்தான துணி நனைச்சு நனைச்சுப் போட்டன். எண்ணெ வெச்சு உருவியும் உட்டாங்க. அப்பறம் மூச்சு வாங்குனதையும் பாத்தன். காய்ச்சல்னு அப்பா சொல்லச் சொன்னாரு, சொன்னன். மாமியா ஊட்ல வாயெத் தொறக்கக் கூடாதுன்னு என்கிட்டயுந்தாஞ் சத்தியம் வாங்குனாரு. ஆனா டாக்டருகிட்டச் சொல்லாதேன்னு அவரு சொல்லலீங்களே."

கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"செவ்வாக்கெழம நீங்க காலெ உருவறப்பவே எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. சொல்ல வந்தன். பேசாதேன்னுட்டீங்க. கிளினிக்குல அவங்க மொகத்தப் பாத்து, என்ன கேட்டாங்கன்னு உங்களக் கேட்டன். நீங்க மட்டும் என்னெத் திரும்பிப் பாத்துக் கேட்டிருந்தீங்கன்னா, அப்பவே சொல்லியிருப்பனுங்க."

நான் கையை எடுத்துக்கொண்டேன். அவளுக்கே தெரியாது, கேட்டாலும் ஒன்றுதான் என்று இத்தனை வாரமாக நான் பிடித்துக்கொண்டிருந்த சமாதானம் அவ்வளவுதான். ஒரு வரியைத் தமிழில் திருப்பிச் சொல்லியிருந்தால் போதும். நான் சத்தியத்தைக்கூட மீற வேண்டியதில்லை. அவளுடைய கேள்வியை அவளிடம் கொடுத்திருந்தால் போதும். அதைச் செய்வதற்குத்தானே என்னைக் கூட்டிப் போனாள்! நான் அழுதேன். பக்கத்துப் படுக்கைக்காரி எட்டிப் பார்த்தாள். பூங்குழலி அழவில்லை, என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

நாலு மணிக்குப் பார்வை நேரத்தில் உதயன் வந்தான். ராத்திரி யார் இருப்பது என்று நர்ஸ் கேட்டதை அவளிடம் சொல்லி, மல்லம்மாவை வேண்டுமானால் வரச் சொல்லட்டுமா என்று மெதுவாகக் கேட்டான். நான் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றேன்.

"வேண்டாங்க, அண்ணியே இருக்கட்டும். தூக்கி உக்கார வெக்க, தொடச்சு உட அவங்களாட்டம் ஆரும் பாக்க மாட்டாங்க" என்றாள். பிறகு என் பக்கம் பார்க்காமல் அவனிடம் சொன்னாள்: "ஆனா காத்தால டாக்டரு வர்றப்ப நீங்க வந்துருங்க. அவங்க என்ன கேக்கறாங்கன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க. நா சொல்லறத அவங்ககிட்டச் சொல்லுங்க."

"சரி" என்றான் அவன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டாக்டர்கள் வார்டுக்குள் வந்தார்கள். உதயன் அதற்கு முன்பே வந்து அவள் கட்டிலருகே நின்றான். நான் அவள் முகத்தைத் துடைத்து, தலை வாரி, தலையணையைச் சரியாக வைத்துவிட்டு, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. டாக்டர் கன்னடத்தில் கேட்பது கேட்டது, உதயன் அதைத் தமிழில் சொல்வது கேட்டது. அவள் பதில் சொன்னாள். அது வராந்தாவரை எட்டவில்லை.